பிறையும் நட்சத்திரமும் ஒட்டியாச்சு, அப்புறம்? சின்னப் பிள்ளைகளுக்கு ரமலானைக் கைவேலை வழியாகச் சொல்லித் தர யோசனை தேவை

நூல்கண்டு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் 3, 5, 8 வயதில் மூன்று பிள்ளைகள். தேடினால் கிடைப்பதெல்லாம் ஒரே மாதிரி: மஞ்சள் காகிதப் பிறை, ஜிகினா நட்சத்திரம், தோரணம். செய்கிற அரை மணி நேரம் கலகலப்பு, மூன்றாம் நோன்புக்குள் அது சுவரோடு சுவராகிவிடும். அதற்குப் பிறகும் "ரமலான்னா என்ன?" என்று கேட்டால் ஐந்து வயதுக்காரன் சொல்லும் பதில் "மூன், ஸ்டார்."

எனக்கு வேண்டியது இவைதான்:

மாதம் முழுக்கக் கை வைக்கிற மாதிரி ஒரு நாள்காட்டி. மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு, எப்போது நோன்பு தொடங்குகிறது, எப்போது திறக்கிறோம் என்று காட்ட ஒரு வழி. தர்மம், ஃபித்ரா (பெருநாள் தொழுகைக்கு முன் கொடுக்கும் தர்மம்) இரண்டையும் வெறும் சொல்லாக இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது. மூன்று வயதுக்காரி கண்டதையும் வாயில் போடுவாள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். அளவோடு சொன்னால் நல்லது. எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

---

பிறைக்கணக்கு எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் சகோதரி. நாள்காட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

ஏ4 தாள் 8 எடுத்து ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். 32 துண்டு வரும், ஒவ்வொன்றும் 10.5-க்கு 14.8 செ.மீ. நீளவாக்கில் நிறுத்தி, கீழிருந்து 6 செ.மீ. மேலே மடித்து, இரண்டு ஓரத்தையும் ஒட்டினால் பை ஆகிவிடும். மேலே மிஞ்சும் 2.8 செ.மீ. மூடி. பெரிய சார்ட் அட்டை, 56-க்கு 71 செ.மீ. இருக்குமே, அதை நிறுத்திவைத்தால் வரிசைக்கு 5 பை, 6 வரிசை கச்சிதமாக அடங்கும். அட்டையைப் படுக்கைவாக்கில் வைத்து இடைவெளி விட்டு ஒட்ட ஆரம்பித்தால் ஆறாவது வரிசை வெளியே போய்விடும்.

பசைக்குச்சியால் ஒட்டிய பைகள் இரண்டாவது வாரத்தில் உரியத் தொடங்கும், ஏனென்றால் பிள்ளைகள் தினமும் மூடியைப் பிடித்து இழுப்பார்கள். வெள்ளைப் பசையை ஈர்க்குச்சி நுனியால் மெல்லிய கோடாக விட்டு, மேலே கனமான புத்தகம் வைத்து அரை மணி விட்டுவிடுங்கள். அள்ளிப் பூசினால் தாள் சுருங்கி அலை அலையாக நிற்கும். 30 பையின் கனத்தில் சார்ட்டின் தலை முன்னால் மடங்கும், அதனால் மேல் விளிம்பின் பின்னால் மூன்று விரல் அகலத்துக்கு அட்டைப்பெட்டித் துண்டு ஒட்டுங்கள்.

மிச்சம் 2 பை இருக்கிறதல்லவா, அதில்தான் விஷயமே இருக்கிறது. ஒன்றில் "முதல் இரவு" என்று எழுதி 1-க்கு முன்னால் ஒட்டுங்கள். நம் நாள் மஃரிபில், அதாவது சூரியன் மறையும்போது, தொடங்குகிறது. பிறை பார்த்த இரவே ரமலான் வந்துவிட்டது, அன்றே தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை), மறுநாள்தான் முதல் நோன்பு. இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை பின்னால் 27ஆம் இரவு எது என்று குழம்பும். அது 26ஆம் நோன்பு திறந்த பிறகு வருகிற இரவு. இன்னொரு பை "பெருநாள்."

உள்ளே மிட்டாய் போடாதீர்கள். போட்டால் அது மிட்டாய் நாள்காட்டி. ஐந்து பத்து நிமிடத்தில் முடிகிற வேலை ஒன்றைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள்: "நோன்பு திறக்கும் முன் எல்லோர் முன்னாலும் தண்ணீர் வை", "பாங்கு கேட்கும்போது பேசாமல் இருந்து பதில் சொல்", "வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வை", "உடம்பு முடியாத ஒருவருக்கு போன் போட்டு ஸலாம் சொல்." முப்பதையும் ஒரே நாளில் எழுதி நிரப்பாதீர்கள். வெளியூர்ப் பயணம், காய்ச்சல், விருந்தாளி என்று வீட்டு நிலவரம் மாறும், சீட்டு மாறாது. வாரத்துக்கு 7 போதும்.

இப்போது பிறை. காகிதப் பிறை கூடாது என்று சொல்லமாட்டேன், சரியான பிறையாக இருக்கட்டும் என்கிறேன். இரண்டு கொம்புக்கு நடுவே நட்சத்திரம் ஒட்டுகிறோம். அந்த இடம் காலி வானம் இல்லை, நிலாவின் இருண்ட பாகம். அங்கே நட்சத்திரம் தெரியவே தெரியாது. எட்டு வயதுக்கு இதைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள், பிறகு பார்க்கிற சுவரொட்டியில் எல்லாம் குற்றம் கண்டுபிடிப்பார்கள்!

கறுப்புத் தாளில் 6 செ.மீ. வட்டம் 30 வெட்டி, தினமும் நிலாவைப் பார்த்துவிட்டு வெள்ளைச் சாக்கட்டியால் வெளிச்சப் பாகத்தை மட்டும் தீட்டச் சொல்லுங்கள். வெளிச்ச விளிம்பு எப்போதும் சூரியன் இருக்கும் பக்கம் பார்க்கும். மேற்கில் தெரியும் முதல் பிறையின் வயிறு சூரியன் மறைந்த இடத்தைப் பார்த்திருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் அது படகு மாதிரி படுத்திருக்கும். வடக்கே போகப் போக வலப்பக்கம் சாயும், தெற்கே போனால் இடப்பக்கம்.

பலர் இந்த வேலையை 17, 18ஆம் நாளில் கைவிடுவார்கள். "நிலாவையே காணோம்" என்பார்கள். காணாமல் போகவில்லை. 14, 15இல் மஃரிப் நேரத்தில் கிழக்கே முழுநிலா எழும். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும், அதனால் பார்க்கிற நேரத்தை மஃரிபிலிருந்து ஸஹருக்கு, அதாவது விடியலுக்கு முன் உண்ணும் நேரத்துக்கு, மாற்றிவிட வேண்டும். கடைசிப் பத்தில் ஸஹருக்கு எழுந்தால் கிழக்கே தேய்பிறை நிற்கும், வயிறு சூரியன் எழப்போகும் பக்கம். முதல் நாள் வரைந்த வட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிள்ளைக்குத் தானாகவே புரியும். மேகமூட்ட நாளில் வட்டத்தை வெறுமனே விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

---

மழலைமேசை எழுதியது:

நேரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் ஒரே கைவேலை எடுபடாது. தனித்தனியாகச் செய்யுங்கள்.

மூன்று வயது: கறுப்பு நூல், வெள்ளை நூல். கறுப்பு அட்டை ஒன்று, வெள்ளைக் கம்பளி நூல் ஒரு முழம். அட்டையின் அடியில் பழுப்புத் தாளைக் கிழித்து ஒட்டினால் தரை. அதற்கு மேலே நூலைக் குறுக்காக, இடமிருந்து வலமாகப் படுக்கவைத்து ஒட்டச் சொல்லுங்கள். குர்ஆன் 2:187இல் வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணுங்கள், பருகுங்கள் என்று வருகிறதே, அதுதான் இது. இதைக் கேட்ட அதீ இப்னு ஹாதிம் (ரலி) நிஜமாகவே இரண்டு கயிறுகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள், அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று நபி (ஸல்) விளக்கினார்கள். இந்தச் சம்பவத்தைச் சொன்னால் ஐந்து வயதுக்காரனும் வந்து உட்கார்ந்துவிடுவான். நூலைச் செங்குத்தாக ஒட்டவிடாதீர்கள். செங்குத்தாக எழும் வெளிச்சம் பொய் வைகறை, அப்போது ஸஹர் முடிவதில்லை. உண்மையான ஃபஜ்ர் (வைகறை) வெளிச்சம் அடிவானத்தில் அகலமாகப் பரவும்.

ஐந்து வயது: பகல் பட்டை. 60 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் அட்டைப் பட்டை. ஒரு நுனி ஃபஜ்ர், மறு நுனி மஃரிப். மணி எண் எழுத வேண்டாம், நடப்பதைப் படமாக வரையுங்கள்: படுக்கை, பள்ளிப் பை, லுஹர் (நண்பகல்) தொழுகை விரிப்பு, விளையாட்டு, அஸர் (பிற்பகல் தொழுகை), தட்டு. இடைவெளி மட்டும் கணக்காக இருக்கட்டும். நோன்பு நேரம் பதிமூன்றரை மணி என்றால் மணிக்கு சுமார் 4.5 செ.மீ. படங்களைச் சம தூரத்தில் வரைந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஓரிடத்தில் நேரம் வேகமாக ஓடி, இன்னோரிடத்தில் நகராத மாதிரி பிள்ளைக்குத் தோன்றும். துணிக் கிளிப் ஒன்றை மாட்டி, ஒவ்வொன்று நடக்கும்போதும் நகர்த்தச் சொல்லுங்கள். கண்டிப்பாக ஒருநாள் கிளிப்பை மஃரிபுக்குத் தள்ளி வைத்துவிட்டு "பாங்கு சொல்லியாச்சு" என்பான். திட்டாதீர்கள், ஜன்னலுக்குக் கூட்டிப்போய் வெயிலைக் காட்டுங்கள்.

எட்டு வயது: நிழல். நேரான குச்சி, தரைக்கு மேலே சரியாக 15 செ.மீ. 30 செ.மீ. குச்சி நடச் சொல்லும் குறிப்புகள் உண்டு, நட்டால் அஸருக்குள் நிழல் தாளைத் தாண்டிவிடும். களிமண்ணில் நடுங்கள், உயரத்தைக் களிமண் உச்சியிலிருந்து அளக்காமல் தாளிலிருந்து அளந்துகொள்ளுங்கள். புத்தக மூலையை ஒட்டிவைத்துப் பார்த்தால் குச்சி சாய்ந்திருக்கிறதா என்று தெரியும். தாளின் நான்கு மூலையையும் தரையில் சாக்கட்டியால் குறித்துவிடுங்கள், காற்றில் நகர்ந்தால் திரும்ப வைக்கலாம்.

காலை 10 மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு புள்ளி. நிழல் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, மறுபடி நீளத் தொடங்கும். நீளத் தொடங்கியதும் லுஹர். மிகக் குட்டையான நிழல் 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழி) அஸர், நிழல் 15-உம் 4-உம் சேர்ந்து 19 செ.மீ. ஆகும்போது. ஹனஃபியில் 30-உம் 4-உம் சேர்ந்து 34. பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஏன் வேறு நேரத்தில் கேட்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அந்த உச்சி நிழல் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் அதை அன்றன்று அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், இது புரிந்துகொள்ள. தொழுகைக்கும் நோன்பு திறக்கவும் பள்ளிவாசல் நேரமே.

---

காகிதக்கத்தரி எழுதியது:

அலங்காரமே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் செய்கிற பொருளுக்கு ஒரு வேலை இருக்கட்டும். விளக்கு செய்தால் ஸஹருக்கு எல்லோரையும் எழுப்ப அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பொறுப்பை எட்டு வயதிடம் கொடுங்கள். வேலை இல்லாத பொருள்தான் மூன்றாம் நாளில் குப்பைக்குப் போகிறது.

விளக்குக்கு ஏ4 அளவில் 120 ஜிஎஸ்எம் தாள். அச்சுப்பொறித் தாள் 70, 80தான் இருக்கும், அதில் செய்தால் ஒரே நாளில் தொய்ந்து உட்கார்ந்துவிடும். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்தால் 10.5-க்கு 29.7. திறந்த ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. உள்ளே பென்சில் கோடு. மடிப்புப் பக்கமிருந்து அந்தக் கோடு வரை 1.5 செ.மீ. இடைவெளியில் வெட்டுகள். பிள்ளைகள் திறந்த பக்கமிருந்து வெட்டத் தொடங்கிவிடுவார்கள், பிரித்தால் கையில் குஞ்சம்தான் இருக்கும். அதனால் கத்தரிக்கோலைக் கொடுக்கும் முன் மடிப்பு விளிம்பில் சிவப்பு மை தடவிவிட்டு, "சிவப்பில் தொடங்கு, கோட்டில் நில்" என்று சொல்லுங்கள்.

அடுத்து மஞ்சள் தாள் ஒன்றை 29.7-க்கு 18 செ.மீ. வெட்டி உருளையாக்குங்கள். வெளித்தாள் 21 செ.மீ. உயரம், உள் உருளை 18. இந்த 3 செ.மீ. வித்தியாசம்தான் வெட்டிய பட்டைகளை வெளியே பிதுக்கி வைக்கிறது. வெளித்தாளின் மேல் விளிம்பை உருளையின் மேல் விளிம்போடும், கீழ் விளிம்பைக் கீழோடும் ஒட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் வேண்டாம், மூன்று வயது இருக்கும் வீட்டில் அது தரையில் விழுந்து கிடக்கும்.

உள்ளே மெழுகுவர்த்தி கூடவே கூடாது. குட்டி எல்இடி விளக்கு வைக்கும்போதும் கவனம் தேவை. பட்டன் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

உப்பு மாவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது பரிந்துரைப்பார்கள். மைதா 2 கோப்பை, தூள் உப்பு 1 கோப்பை, தண்ணீர் முக்காலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கோப்பை வரை. அரை செ.மீ. கனத்தில் தேய்த்து, தம்ளர் விளிம்பால் வெட்டி, விளிம்பிலிருந்து 1 செ.மீ. தள்ளி உறிஞ்சுகுழலால் துளை போட்டு, 100 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம். அவசரப்பட்டு 180-இல் வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே இருக்கும் நீராவி உப்பிக்கொண்டு வெடிக்கும். ஈரப்பதமான காற்றில் உப்பு தண்ணீரை இழுத்துப் பிசுபிசுக்கும், அதனால் காய்ந்ததும் இரண்டு பக்கமும் வார்னிஷ். அட, இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் மூன்று வயதுக்காரிக்கு இது வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிசைந்ததில் மூன்றில் ஒரு பங்கு உப்பு, குட்டிப் பிள்ளை ஒரு உருண்டை தின்றாலே ஆபத்து.

அவளுக்குக் கால் கோப்பை மைதா, ஒரு கோப்பை தண்ணீர், சின்னத் தீயில் கிளறினால் பசை. வாயில் வைத்தாலும் பயமில்லை. அதில் காகிதம் கிழித்து ஒட்டட்டும். குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், வெளியே வைத்தால் மறுநாளே புளிக்கும்.

கடைசியாக ஒன்று. விளக்கிலும் தோரணத்திலும் அல்லாஹ்வின் பெயர், வசனம் எதுவும் எழுதாதீர்கள். எழுதியது தரையில் விழும், மிதிபடும், குப்பைக்கூடைக்குப் போகும். வசனம் எழுதிப் பழக வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு நோட்டு இருக்கட்டும்.

---

நாழிமரக்கால் எழுதியது:

ஃபித்ராவுக்குக் கைவேலை தேவையே இல்லை, கையே போதும்!

ஃபித்ராவின் அளவு ஒரு ஸாஉ. ஒரு ஸாஉ நான்கு முத்து. ஒரு முத்து என்பது நடுத்தர ஆளின் இரண்டு உள்ளங்கையும் சேர்த்து அள்ளினால் வரும் அளவு. பெரிய தட்டு, தானியம், அடுப்படித் தராசு மூன்றையும் எடுத்து வைத்து, வாப்பாவை நான்கு முறை அள்ளிப் போடச் சொல்லுங்கள். எட்டு வயது எடை பார்த்து எழுதட்டும். பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று கிலோவுக்குள் வரும். பிறகு அதே குவியலை ஐந்து வயதுக்காரன் தன் கையால் அள்ளி எத்தனை முறை என்று எண்ணட்டும். எண்ணி முடிக்கும்போது "ஒரு ஸாஉ" என்ற சொல் அவனுக்கு மறக்காது.

இரண்டு விதமான தானியத்தை அளந்து பாருங்கள். அளவு ஒன்றாக இருந்தாலும் எடை வேறாக வரும். ஸாஉ கொள்ளளவு, கிலோ எடை, ஆளுக்கொரு கணக்கு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பெரியவனுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

அடுத்து வீட்டு ஆட்களை எண்ணுங்கள். மூன்று வயதுக்காரிக்கும் ஒரு பங்கு உண்டு, அவள் பேரில் பொறுப்பாளர் கொடுக்கிறார். ஐந்து பேர் என்றால் ஐந்து பை. ஒவ்வொரு பையிலும் ஒரு பெயர். நோன்பு வைக்காத குட்டிக்கு இது பெரிய கௌரவம். தானியமாகவே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான மத்ஹபுகளின் சட்டம், ஹனஃபியில் அதன் மதிப்பைப் பணமாகவும் கொடுக்கலாம். நீங்கள் எதைப் பின்பற்றினாலும் அளந்து பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். பெருநாள் தொழுகைக்கு முன்னால் பை வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், ஆனால் வாங்குகிறவர் முகத்தோடு படம் எடுக்காதீர்கள்.

நற்செயல் ஜாடி பற்றி யாரும் எழுதவில்லை. ஒரு கணக்கு சொல்கிறேன். 2.5 செ.மீ. கம்பளி உருண்டை ஒன்றின் கன அளவு சுமார் 8 மில்லி. உருண்டைகளுக்கு நடுவே காற்று போக, அரை லிட்டர் ஜாடியில் அழுத்தாமல் போட்டால் 35 பக்கம் கொள்ளும். ஆக நாளுக்கு ஒன்று போட்டால் பெருநாளுக்கு ஜாடி நிறையும் நிலைக்கு வந்திருக்கும். ஒரு செ.மீ. மணியைப் போட்டால் அதே ஜாடிக்கு 500-க்கு மேல் வேண்டும். பத்தாம் நாளிலும் அடி மறையாது, பிள்ளை எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிடும். ஆர்வம் குறைந்துவிட்டது என்கிறோம், பாதிக்குப் பாதி அது ஜாடியின் குற்றம்.

---

மழலைமேசை எழுதியது:

நாழிமரக்கால் சொன்ன ஜாடிக் கணக்கு அருமை. ஒன்று சேர்க்கிறேன்: பிள்ளைக்கு ஒரு ஜாடி வைக்காதீர்கள், வீட்டுக்கு ஒரே ஜாடி. மூன்று ஜாடி வைத்தால் இரண்டாம் வாரம் அது பந்தயம். அண்ணன் தங்கையின் ஜாடியிலிருந்து உருண்டை எடுத்துத் தன்னுடையதில் போடுவான், நற்செயல் ஜாடியில் திருட்டு!

ஜாடி நிறைந்தால் பொம்மை வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து.

---

நாழிமரக்கால் எழுதியது:

அதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். எட்டு வயதுக்குப் பரிசு வேண்டாம், சரி. ஐந்து வயதுக்கு ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பரிசு பிள்ளைக்கு வராமல் வெளியே போகட்டுமே: ஜாடி நிறைந்தால் ஸதகா (தர்மம்) பெட்டியிலிருந்து யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கு. செருப்புப் பெட்டி மூடியில் 3.5 செ.மீ. நீளம், அரை செ.மீ. அகலத்தில் துளை. நோட்டும் போவதாக இருந்தால் நீளம் 8 செ.மீ. பெட்டியை மாதக் கடைசி வரை பூட்டி வைக்காமல் வாரம் ஒருமுறை திறந்து கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் என்பது ஐந்து வயதுக்கு ஒரு யுகம்.

---

நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு ஹைரா. நிழல் குச்சியும் ஃபித்ரா அளவும் நிச்சயம் செய்யப்போகிறோம். இரண்டு சந்தேகம். எட்டு வயதுக்காரன் இந்த வருடம் சில நோன்பு வைப்பேன் என்கிறான். அஸருக்குப் பிறகு நேரம் போகாமல் தவிப்பான், அப்போது என்ன கொடுப்பது? இன்னொன்று, நாள்காட்டியில் 30ஆவது பையில் என்ன எழுதுவது? 29-லேயே பெருநாள் வந்துவிட்டால் அந்தப் பை என்ன ஆகும்?

---

காகிதக்கத்தரி எழுதியது:

முதல் சந்தேகத்துக்கு ஸஹாபிப் பெண்களிடமே (நபித்தோழியர்) பதில் இருக்கிறது. ஆஷூரா (முஹர்ரம் பத்தாம் நாள்) நோன்பு பற்றி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் வருகிறது: பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்வோம், கம்பளியில் விளையாட்டுப் பொருள் செய்து கொடுப்போம், உணவு கேட்டு அழுதால் அதைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை போக்குவோம் என்கிறார்கள். அதனால் அஸருக்குப் பிறகு கம்பளி உருண்டை செய்யக் கொடுங்கள். ஜாடிக்கும் ஆயிற்று.

7 செ.மீ. வட்டம் இரண்டு, நடுவில் 2.5 செ.மீ. துளை. இரண்டையும் சேர்த்து வைத்து, துளை அடைபடும் வரை நூலைச் சுற்றி, வெளி விளிம்பில் வெட்டி, இரண்டு அட்டைக்கும் நடுவே இறுக்கிக் கட்டினால் பெரிய உருண்டை. ஜாடிக்கு வேண்டிய 2.5 செ.மீ. உருண்டைக்கு 3 செ.மீ. அட்டையில் 1 செ.மீ. துளை, ஓரத்தைக் கத்தரித்துச் சரிசெய்துகொள்ளலாம். கட்டுவதற்குப் பருத்தி நூல் எடுங்கள். கம்பளி நூல் இழுத்தால் நீளும், முடிச்சு தளர்ந்து உருண்டை கையோடு கொட்டிவிடும். சுற்றும் வேலை உட்கார்ந்த இடத்தில் முடிவதால் களைப்பும் இல்லை. ஓடி விளையாடும் ஆட்டம், வெயில் இரண்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

தலைசுற்றல், கடுமையான தலைவலி, சோர்ந்து படுத்தல் எது வந்தாலும் உடனே திறக்க வையுங்கள். பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை, இதை நோன்பு வைக்கும் முன்பே அவனிடம் சொல்லிவிட்டால் திறக்கும்போது தோற்ற மாதிரி அழமாட்டான். சர்க்கரை நோய் மாதிரி ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முயலவே வேண்டாம்.

---

பிறைக்கணக்கு எழுதியது:

30ஆவது பைக்குச் சிறப்பான எதையும் வைக்காதீர்கள், அந்தப் பை திறக்கப்படாமலே போகலாம். பிறைக்குப் பிறை சராசரியாக இருபத்தொன்பதரை நாள், அதனால்தான் மாதம் சில நேரம் 29, சில நேரம் 30.

எட்டு வயதுக்கு இதிலிருந்து இன்னொரு வேலை கிளைக்கும். பெரிய வட்டத்தில் ஆங்கில மாதங்கள், அதன் மேல் ஊசி குத்திச் சுழலும் சின்ன வட்டத்தில் ரமலானுக்கு மட்டும் 29 பாகை அகலத்தில் ஒரு துண்டு. வருடத்துக்குச் சுமார் 11 பாகை பின்னுக்குத் திருப்பினால், சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வரும். 2030-இல் ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலான் தொடங்கும், திருப்பிப் பார்த்து அவனே கண்டுபிடிக்கட்டும்.

29ஆம் நோன்பு அன்று மாலை 30ஆவது பை, பெருநாள் பை இரண்டையும் சார்ட்டிலிருந்து எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்து மேற்கே பார்க்க நிற்கச் சொல்லுங்கள். பிறை அறிவிப்பு வந்தால் பெருநாள் பை. அதற்குள் ஒரே சீட்டு: "இப்போதிலிருந்து தக்பீர். நாளைக் காலை தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம், எண்ணித் தட்டில் வைப்பது உன் வேலை." மூன்று வயதுக்காரிக்குக் கொட்டை நீக்கி நீளவாக்கில் கீறிக் கொடுங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். அறிவிப்பு வராவிட்டால் 30ஆவது பை. அதில்: "இன்னும் ஒரு தராவீஹ் கிடைத்தது. விளக்கை எடுத்து வை, ஸஹருக்கு எழுப்ப வேண்டும்."